குடிக்காமல் வைத்த கோப்பை

என் அண்ணன் ஹுவைமிலைப் பேச்சில் ஜெயித்தவர்கள் எங்கள் பாலைவனக் கூட்டத்தில் யாரும் கிடையாது. அவன் பேசினால்தானே ஜெயிப்பதற்கு? ஹாரூன் நபி அடங்கியிருக்கிற மலைக்குக் கீழே, பாதையை விட்டுத் தள்ளி, கறுப்புக் கூடாரம் அடித்திருக்கிறான். அரசாங்கம் எங்களுக்கெல்லாம் மேட்டில் கல்வீடு கட்டிக் கொடுத்தபோது, சுவருக்குள் தூக்கம் வராது என்று ஒரே வரியில் முடித்துவிட்டு இங்கேயே தங்கிவிட்டவன். ஆடுகள், மனைவி ஃபித்தா, காபிப் பாத்திரம். அதற்கு மேல் அவனுக்கு எதுவும் வேண்டியதில்லை.

முன்பெல்லாம் இப்படி இல்லை. வாலிபத்தில் கழுதைகள் வைத்துக்கொண்டு வெளிநாட்டுக்காரர்களை மலைக்கு ஏற்றிப் போவான். வேதத்தில் படித்த இடங்களைச் சாவதற்குள் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று வருகிறவர்கள். அவர்களோடு வாய் ஓயாமல் பேசிக்கொண்டே ஏறுவான். மகன் நாயிஃபும் அதே தொழிலுக்குத்தான் வந்தான். வந்தவன் ஒரு பயணிப் பெண்ணைப் பிடித்துக்கொண்டு பெல்ஜியம் போய்விட்டான். போகட்டும், யார் போகவில்லை? ஆனால் அவன் என் மகள் ஷம்மாவுக்குப் பேசி வைத்திருந்த மாப்பிள்ளை. கல்யாணத் துணியெல்லாம் எடுத்தாகிவிட்டது.

அண்ணன் பெரியவர்கள் முன்னால் போய் நின்றான். என் தங்கை முகத்தில் கரி பூசியவன் என் கூடாரக் கயிற்றைத் தாண்டி உள்ளே வரக்கூடாது என்று சத்தியம் செய்துவிட்டான். என்னை ஒரு வார்த்தை கேட்டானா? இல்லை. அந்த வாரமே கழுதைகளை விற்றான். வெளிநாட்டுக்காரர்களோடு பேசுவதையும் அன்றோடு விட்டான். எவராவது வழி தவறிக் கூடாரத்துக்கு வந்தால், உட்கார வைத்துக் காபி கொடுப்பான், ஊமை மாதிரி இருப்பான். பேச்சுக்கு என்னைக் கூப்பிடுவார்கள். நான் பாதையோரம் டீ விற்கிறவள், நாலு பாஷையும் நாக்கில் கிடக்கிறது.

ஷம்மாவுக்கு அடுத்த வருஷமே வேறு இடத்தில் கல்யாணம் ஆகி, இப்போது மூன்று பிள்ளைகள். மூன்றும் என் உயிரை வாங்குகின்றன. நாயிஃப் முகம்கூட அவளுக்கு மறந்திருக்கும். எனக்கும் கோபம் எப்போதோ தீர்ந்துபோயிற்று. ஃபித்தா மதினிதான் மகனைப் பார்க்காமல் காய்ந்துபோனாள். "நீ ஒரு வார்த்தை சொன்னா அவரு இறங்கி வருவாரு" என்று ஒருமுறை என்னிடம் சொன்னாள். எனக்கு எரிச்சலாக வந்தது. பெண்ணைப் பெற்றவள் நானே போய், ஓடிப்போனவனைக் கூப்பிடு என்று கெஞ்சினால் ஊர் வாயை மூடிக்கொண்டிருக்குமா? சத்தியம் செய்தவன் வந்து கேட்கட்டும், மன்னித்தேன் என்று சொல்கிறேன் என்று இருந்தேன். அவன்தான் வாயைத் திறக்கிற ஆளில்லையே.

போன வசந்தத்தில் இங்கெர் என்று ஒரு நார்வேக்காரி வந்தாள். அறுபது தாண்டியிருக்கும், தன்னந்தனி ஆள். மூசா நபி நடந்த வழியில் நடக்கிறாளாம். முந்தின நாள் அவர் கண்மூடிய நெபோ மலையைப் பார்த்துவிட்டு, அன்றைக்கு அவர் அண்ணன் ஹாரூன் நபியைப் பார்க்க வந்திருக்கிறாள். வழிகாட்டி வேண்டாம், போனில் வரைபடம் இருக்கிறது என்று என் டீக்கடையில் பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனாள். அந்த வரைபடம் அவளை நேராக அண்ணனுடைய ஆட்டுப்பட்டியில் கொண்டுபோய் விட்டிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் மதினி எனக்குப் போன் போட்டாள்.

நான் போனபோது இங்கெர் கம்பளத்தில் உட்கார்ந்து, மிளகாய்ப்பழமாய்ச் சிவந்த முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அண்ணன் ஏலக்காய் தட்டிப் போட்டுக் காபியை இறக்கினான். எங்கள் காபியில் சர்க்கரை கிடையாது, சின்னக் கோப்பையில் ஒரு மடக்குத்தான். இங்கெர் வாங்கினாள், முகர்ந்தாள், நன்றாகச் சிரித்தாள். குடிக்காமல் தன் முன்னால் கீழே வைத்துவிட்டாள்.

எனக்குத் திக்கென்றது. எங்கள் ஆட்கள் அப்படி வைத்தால், ஏதோ ஒன்றைக் கேட்டு வாங்க வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். தருகிறேன் என்று வீட்டுக்காரன் வாக்குக் கொடுத்த பிறகுதான் குடிப்பார்கள். பெண் கேட்பதும் கொலைப்பகை தீர்ப்பதும் இப்படித்தான். அந்தக் கோப்பை அப்படியே ஆறிப்போனால் வீட்டுக்காரனுக்கு அதைவிடக் கேவலம் இல்லை. பாவம், நார்வேயில் இதையெல்லாம் யார் சொல்லிக் கொடுப்பார்கள்?

அண்ணன் கோப்பையைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான்.

"என்ன வேணுமாம்? கேளு."

கேட்டேன். இங்கெர் நெஞ்சில் கை வைத்து, தனக்கு இதயத்தில் கோளாறு, டாக்டர் காபியைத் தொடவே கூடாது என்றிருக்கிறார், தப்பாக நினைக்க வேண்டாம் என்று இங்கிலீஷில் சொன்னாள். அவ்வளவுதான் விஷயம். நான் அதை அப்படியே சொல்லிவிட்டு எழுந்து போயிருக்கலாம்.

கூடாரத்தை இரண்டாகத் தடுத்த திரைக்கு அந்தப் பக்கம் மதினி மாவு பிசைகிற சத்தம் நின்றிருந்தது. கோப்பையைக் கீழே வைத்ததை அவளும் பார்த்திருக்கிறாள். என் புத்தி எங்கே போனதோ தெரியவில்லை.

"நாயிஃபை உள்ள விடணுமாம்" என்றேன்.

சொன்ன பிறகுதான் யோசித்தேன். நார்வேக்காரிக்கு நாயிஃபை எப்படித் தெரியும் என்று கேட்டால் என்ன சொல்வது? அவன் அதைக் கேட்கவில்லை. தாடியைத் தடவிக்கொண்டே இருந்தான்.

"பொண்ணைப் பெத்தவளுக்கு இதுல சம்மதமான்னு இவளுக்குத் தெரியுமாமா?"

"தெரியுமாம்."

"நீ இன்னும் அவகிட்ட கேக்கவே இல்லையே."

"முன்னாடியே சொல்லிட்டா, அண்ணே. ரொம்ப நாளாவே சம்மதமாம்."

அண்ணன் தலை குனிந்துகொண்டான். பிறகு, "கொடுத்தேன். வரச் சொல்லு" என்றான்.

வாக்குக் கிடைத்தாயிற்று, இனி விருந்தாளி குடித்தாக வேண்டும். இதயக்காரியை எப்படிக் குடிக்க வைப்பது? நான் விழித்துக்கொண்டிருக்கும்போதே அண்ணன் அவள் பக்கம் திரும்பி, டாக்டர் பேச்சைத் தட்டாதே அம்மா, உனக்கு ஆட்டுப்பால் காய்ச்சித் தரச் சொல்கிறேன் என்று இங்கிலீஷில் சொன்னான். தட்டுத்தடுமாறித்தான் சொன்னான், ஆனாலும் முழுசாகச் சொன்னான். சொல்லிவிட்டு அவள் கோப்பையை எடுத்து என் முன்னால் வைத்தான்.

"கேட்டவதான் குடிக்கணும்."

முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. எடுத்துக் குடித்தேன். திரைக்குப் பின்னால் மதினி வாய்விட்டு அழ ஆரம்பித்தாள். இங்கெர் பயந்துபோய், நான் ஏதாவது தப்புச் செய்துவிட்டேனா என்று என் கையைப் பிடித்தாள். அண்ணன்தான் சொன்னான், அதையும் இங்கிலீஷிலேயே.

"ஒண்ணும் இல்லம்மா. என் மகன் வர்றான்."