சைகை

வேலையை விட்ட மறுநாள் காலை, பூந்தமல்லி வீட்டு ஹாலில் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தேன். லேப்டாப்பைக் கூடத் திருப்பிக் கொடுத்தாயிற்று. காலேஜுக்குக் கிளம்பிய மகள், தெருவில் நடக்கும் மெட்ரோ வேலைச் சத்தம் உள்ளே வராதபடி ஜன்னலைச் சாத்தினாள். பிறகு என் எதிரே வந்து, பையைக் காட்டி, வாசலைக் காட்டித் தலையாட்டினாள். எந்நேரமும் காதில் ஹெட்செட்டோடு மீட்டிங்கில் இருந்த என்னோடு பல வருஷமாக வீட்டில் இப்படித்தான் பேசுவார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “ஒரு வார்த்தை வாயைத் திறந்து சொன்னா என்ன?” என்று கத்தினேன்.

அவள் மிரண்டு நின்றாள். சமையலறையிலிருந்து கணவர் கரண்டியும் கையுமாக ஓடிவந்து, உதட்டில் விரலை வைத்து அவளிடம் கிசுகிசுத்தார்.

“நீ கிளம்பு. அம்மா மீட்டிங்ல இருக்கா.”