மூன்று ஆட்டக்காரருக்கு ஒரு சுவர்

ஈரச் சீமெந்துத் தரையில் ஒரு பாரை, ஒரு நண்டு, ஒரு கணவாய் ஆகிய மூன்றையும் முழ இடைவெளியில் கிடத்திவிட்டு, ஏலம் கூறும் அருட்பிரகாசம் சற்றே பின்வாங்கி, இடுப்பில் கைகளை ஊன்றி நோக்குகிறார். கொழும்புத்துறை மீன்சந்தையில் காலை ஏலம் உச்சத்தில் இருக்கிறது. வாங்க வந்தோர் அவர் வாயிலிருந்து விலை உதிருமென்று காத்து நிற்கிறார்கள். அவரோ பாரையை வாலில் பிடித்துத் தூக்குகிறார்.

“உது எங்கடை கிளமென்ற் அண்ணை. பந்து காலுக்கு வரமுன்னமே அது ஆரிட்டைப் போகவேணும் எண்டு மனிசனுக்குத் தெரியும். உந்த நண்டு என்ரை மச்சான் செபமாலை. கணவாய், ஜஸ்ரின். இப்ப சொல்லுங்கோ, ஆர் திறம்?”

“கிளமென்ற் அண்ணையை என்ரை பெட்டியிலை போடுங்கோ,” என்கிறார் நீர்வேலிப் பக்கம் ஸ்கூட்டியில் மீன் கொண்டுபோய் விற்கும் றெஜினா. “சனம் பாத்துக்கொண்டு நிக்கும்.”

மூலையில் ஐஸ்பெட்டிமேல் அமர்ந்து வெறுந்தேநீர் பருகும் முதியவரே அந்தக் கிளமென்ற். “மெல்லமாப் போடு பிள்ளை,” என்கிறார் அவர், இடுப்பைத் தடவியபடி. “எனக்கு நாரி சுகமில்லை.”

வெள்ளிமீன் விளையாட்டுக் கழகத்தின் கால்பந்து அணியில் வெவ்வேறு காலங்களில் நடுக்களம் காத்தவர்கள் இம்மூவரும். இவ்வூரார் அவ்விடத்தைச் ‘சென்ரர் ஹாவ்’ என்பர். கோல் அடிப்பவனுக்கு ஆரவாரம். அவன் காலடிக்குப் பந்தைப் பங்கிட்டு அனுப்பும் இவனுக்கோ வியர்வை. அணியின் மூளை இவனே என்பது அருட்பிரகாசத்தின் அசையாத கொள்கை. உலகம் முழுவதையும் அவர் அந்தக் கோலால்தான் அளக்கிறார். ஞாயிறு திருப்பலி முடிந்து வெளியே வந்ததும், “சுவாமியின்ரை பிரசங்கம் நல்லம்தான். ஆனா பந்தைத் தானே வைச்சுக்கொண்டு நிண்டிட்டார், ஒருத்தருக்கும் பிரிச்சுக் குடுக்கேல்லை,” என்று தீர்ப்பளிப்பார். கழுத்தில் எந்நேரமும் ஒரு விசில் தொங்கும். அவர் எந்த ஆட்டத்துக்கும் நடுவராக இருந்ததில்லை.

ஒப்பீட்டைக் கேசாதிபாதமாகத் தொடங்குவது அவர் முறைமை. கிளமென்றின் எண்ணெய் படிய வகிடெடுத்த தலை, செபமாலையின் சுருள்முடி, ஜஸ்ரினின் செம்பட்டைச் சாயம் என்று இறங்கி வருவார். நெற்றியைத் தாண்டுவதற்குள் சண்டை மூண்டுவிடும். காலங்களுக்கிடையே நீதி செய்வதில் அவர் மிகக் கண்டிப்பானவர்.

“அண்ணையின்ரை காலத்திலை கோலுக்கு வலை இல்லை. பந்து உள்ளாலை போச்சோ, வெளியாலை போச்சோ எண்டு அடிபட்டே பொழுது பட்டிடும். ஆனபடியா அவற்றை கோல் ஒவ்வொண்டையும் ரெண்டாக் கணிக்கவேணும். ஒண்டு, அடிச்சதுக்கு. மற்றது, அடிச்சனான் எண்டு ஒப்புவிச்சதுக்கு.”

“என்ரை ஆட்டம் யூரியூப்பிலை கிடக்கு, மாமா. போட்டுப் பாருங்கோ,” என்பான் இன்றைய அணித்தலைவன் ஜஸ்ரின்.

“யூரியூப்பிலை பூனையும்தான்ரா கிடக்கு.”

விளையாட்டாயிருந்த இவ்வாராய்ச்சி விரைவிலேயே வினையாயிற்று. கழகத்துக்குப் புதுக் கட்டடம் எழுந்தது. முகப்புச் சுவரில் எக்காலத்துக்கும் தலைசிறந்த சென்ரர் ஹாவின் உருவத்தைத் தீட்டுவதென்று நிர்வாகம் முடிவுசெய்தது. எவர் உருவம் என்பதில் நாற்காலிகள் பறந்தன. பழுதான மீனை நல்ல மீனென்று ஒருநாளும் கூறியறியாத நா அருட்பிரகாசத்தினுடையது. ஆதலால் இறுதியில் அவர் சொல்லே முடிவு என்று அனைவரும் இசைந்தனர். அவர் மகிழ்ந்து தலையசைத்துவிட்டு வீடு சென்றார். வாசலில் மனைவி லூர்த்தம்மா நின்றார்.

“என்ரை தம்பியை நண்டு எண்டு சொன்னியளாம்.”

“அது அவன் பக்கத்தாலை பந்து குடுக்கிற வடிவைச் சொன்னனானப்பா.”

“சுவரிலை அவன் வரட்டும். பிறகு சட்டியிலை மீன் வரும்.”

அன்று தொடங்கிற்று பூசணிக்காய். காலையில் பூசணிக்காய், மதியம் பூசணிக்காய், இரவில் மதியத்தின் மிச்சம். நாள் முழுதும் மீனின் நடுவே நின்று, மீன்வாசனையோடு வீடு திரும்பும் மனிதர், அதைத் தலைகுனிந்து பிசைந்து உண்டார். ஒருநாள் செபமாலை விருந்துக்கு வந்தார். அவர் தட்டில் மட்டும் பொரித்த விளைமீன் பொன்னிறமாய்க் கிடந்தது. “அக்கா கறி நல்லா வைப்பா, என்ன அத்தான்?” என்று முள்ளை உறிஞ்சியபடி கேட்டார் அவர். மைத்துனரின் முகத்தைச் சுவரில் ஏற்றிவிட்டால் எல்லாம் தீரும். ஆனால் மனத்தில் இல்லாததைக் கூற அருட்பிரகாசத்துக்கு நா எழவில்லை. மனத்தில் இருப்பது எவர் என்பதையும் அவர் கூறவில்லை.

ஊர்த் தேவாலயத் திருநாளுக்கு முந்தைய மாலை, ஓவியர் சுபாஸ் ஏணியோடு வந்து சேர்ந்தார். ஊர் கூடி நின்றது.

“முகம் வேண்டாம்,” என்றார் அருட்பிரகாசம். “முதுகைக் கீறு. தலையிலை ஒரு தொப்பி போடு.”

பந்தை அனுப்பிவிட்டு நிற்கும் ஒருவனின் முதுகு சுவரில் எழுந்தது. லூர்த்தம்மா கண் கலங்கினார். “உது தம்பியின்ரை பிடரிதான்.” ஜஸ்ரின் அதனருகே தானும் முதுகு காட்டி நின்று படம் எடுத்துக்கொண்டான்.

“தொப்பியோட பந்தடிச்சவன் ஆரடா?” என்றார் கிளமென்ற்.

வண்ணம் முழங்காலை எட்டியதும் சுபாஸ் தூரிகையை நிறுத்தினார். “அண்ணை, காலுக்கு என்ன? வெறுங்காலோ, கன்வசோ, பூட்சோ?”

கூட்டம் ஏணியை நெருங்கிற்று. கிளமென்ற் ஆடிய நாளெல்லாம் வெறுங்காலோடுதான் ஆடினார். செபமாலைக்குக் கன்வஸ் சப்பாத்து. ஜஸ்ரினுக்குக் கிளிப்பச்சை பூட்ஸ். லூர்த்தம்மாவின் பார்வை கணவர்மேல் ஊன்றி நின்றது.

“புல்லுக் கீறு,” என்றார் அருட்பிரகாசம்.

“எவ்வளவுக்கு?”

“முழங்கால்மட்டும்.”

“உந்தக் கிறவுண்டிலை புல்லு எங்கை அண்ணை? மாடே எட்டிப் பாக்கிறேல்லை.”

“மழை பெய்யும். நீ கீறு.”

புல் செழித்து உயர்ந்தது. அவரவர் தமக்குரியவரைக் கண்டு நிறைவுற்றுக் கலைந்தனர். “கெதியா வாங்கோ. றாலும் கணவாயும் வைச்சிருக்கிறன், ஆறிப்போயிடும்,” என்று லூர்த்தம்மா முன்னே நடந்தார்.

சுபாஸ் கிணற்றடியில் தூரிகை கழுவிக்கொண்டிருந்தார். அருட்பிரகாசம் ஆளில்லா ஒழுங்கையின் இரு முனைகளையும் பார்த்தார். உடல்நிறம் குழைத்திருந்த பேணியில் சுண்டுவிரலைத் தோய்த்தார். குனிந்து, அடர்ந்த பச்சைப் புல்லின் நடுவே, கால்விரல் ஒன்று எட்டிப்பார்க்கும் அளவுக்கு, ஒரேயொரு முறை அழுத்தி எடுத்தார். பின்பு அது உலரும்வரை ஊதிக்கொண்டே நின்றார்.