இடப்பக்கம் மருந்து, வலப்பக்கம் மாதா

தி.நகரில் நான் வேலை பார்க்கும் புடவைக் கடையில், காலையில் கதவு திறக்கும் முன் நாங்கள் ஒருவருக்கொருவர் பூ வைத்துவிடுவோம். அப்படி என் பின்னலில் மல்லிகை செருகிக்கொண்டிருந்த கலாவின் கை சட்டென்று நின்றது.

"அக்கா, இன்னாக்கா இங்க வழவழன்னு கீது?"

தொட்டுப் பார்த்தேன். இடது காதுக்குப் பின்னால் நாணயம் அளவுக்கு ஓர் இடத்தில் முடியே இல்லை. வலியும் இல்லை, அரிப்பும் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. சில வாரங்களில் வலப்பக்கமும் அப்படியே ஆனது. சொட்டையை மறைக்க முடியாமல் போனதும் என்னைக் கிடங்கில் புடவை மடிக்க அனுப்பிவிட்டார்கள். நாளெல்லாம் வாடிக்கையாளரோடு வாயாடிப் பழகியவளுக்கு அது பெரிய தண்டனை. திரும்பவும் கடைக்குள் நிற்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை இல்லை.

அடையாறில் ஒரு தோல் மருத்துவர் முடி உதிர்வுக்கான மருந்துகளை ஆராய்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். எனக்கு வந்திருப்பது அலோபீசியா ஏரியேட்டா என்றார் (நாம் புழுவெட்டு என்போம், புழுவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தி ஆள் தெரியாமல் சொந்த முடிவேரையே தாக்குவது). அவருடைய ஆராய்ச்சியில், தலையின் ஒரு பாதிக்கு மருந்து, மறு பாதிக்கு பிளாசிபோ (மருந்தே கலக்காத, பார்வைக்கு அதே போன்ற திரவம்).

"எந்தப் பக்கம் எது டாக்டர்?"

"எனக்கே தெரியாது ஸ்டெல்லா. தெரிஞ்சா என் கண்ணு அந்தப் பக்கமே முடியைத் தேடும்."

அந்தப் பதில் எனக்குப் பிடித்துவிட்டது. சேர்ந்துகொண்டேன்.

வளர்ச்சியை அளப்பதற்காகப் பக்கத்தில் இருந்த நல்ல முடியில் கொஞ்சம் மழித்தார்கள். இருப்பதையும் எடுக்கிறார்களே என்று பதறினேன். "மழிக்கிறது மேல இருக்கறதத்தான். வேருக்கு அது தெரியவே தெரியாது" என்றார் மருத்துவர். பிறகு லென்ஸ் வைத்த கேமராவில் என் தலைத்தோலைத் திரையில் காட்டினார். என் தலைக்குள் இவ்வளவு நடக்கிறதா என்று நான் வாயைப் பிளந்து பார்த்தேன்.

முதலில் இடப்பக்கம் வெள்ளையாகப் பூனைமுடி வந்தது. வெகுநாள் கழித்து வலப்பக்கமும் வந்தது. மெல்லக் கறுத்தது. கடைக்குள் திரும்பக் கூப்பிட்டார்கள். அன்று மாலை மீன் குழம்போடு வீட்டில் கொண்டாட்டம். சாப்பிட்டுக்கொண்டே என் கணவர் அந்தோணி மெதுவாக ஆரம்பித்தார்.

"மாதாகிட்ட வேண்டிக்கினேன். முடி வந்தா வேளாங்கண்ணில மொட்டை."

"யார் தலைக்கு?"

"உன் தலைக்குதான். எனக்கு எங்க கீது முடி?"

சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. என்னைக் கேட்காமல் என் தலையை நேர்ந்துவிட்டாரே என்று கோபமான கோபம். அடுத்த முறை மருத்துவரிடம் அவரையே இழுத்துக்கொண்டு போனேன்.

"எடப்பக்கம் உங்க மருந்து, டாக்டரம்மா. லேட்டா வந்திச்சே வலப்பக்கம், அது மாதா" என்று அவர் பங்கு பிரித்தார்.

"கடைசி படம் எடுக்கிற வரைக்கும் கத்தி படக்கூடாது" என்றார் மருத்துவர்.

"மாதாவ வெயிட் பண்ண சொல்றீங்களா?"

"நானும்தான் வெயிட் பண்றேன்."

கடைசிப் படமும் எடுத்தாயிற்று. வெளியே வந்ததும் அந்தோணி, "உனுக்கு வாணாம்னா வுடு. மாதாகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றார். அப்படிச் சொன்ன பிறகுதான் எனக்கு யோசிக்கவே முடிந்தது. மழித்தால் வேருக்குத் தெரியாது என்பது என் தலையில் உண்மையா? எனக்கே பார்க்க வேண்டும் போலிருந்தது. பயந்துகொண்டேதான் போனேன்.

வேளாங்கண்ணியில் மழித்து முடித்ததும் கண்ணாடி கேட்டேன். தலை முழுக்க ஒரே சீராகப் பச்சை ஓடியிருந்தது. அந்த இரண்டு இடங்களையும் விரலால் தேடினேன். கிடைக்கவில்லை.

அடுத்த வாரமே ஆராய்ச்சி முடிந்து விவரம் வெளியானபோது மருத்துவர் கூப்பிட்டுச் சொன்னார்: எனக்கு மருந்து போட்டது வலப்பக்கம். இடப்பக்கம் தானாகவே வளர்ந்தது. "இது சில பேருக்குத் தானா சரியாகும். அதனாலதான் ஒருத்தர் தலைய வச்சு எதுவும் சொல்ல மாட்டேன். திரும்பவும் வரலாம், வராமலும் போகலாம்." அந்தோணி அசரவில்லை. "அப்போ மாதா எடப்பக்கம்" என்றார்.

புழுவெட்டு வந்தவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது இன்னொன்று. சொட்டையோடு கிடங்குக்குப் போன நான், மொட்டையோடு கடைக்குள்தான் நின்றேன். "வேளாங்கண்ணியா?" என்று வாடிக்கையாளர்கள் மரியாதையாகக் கேட்டார்கள். முதலாளியும் கிடங்குக்குப் போகச் சொல்லவில்லை. இதே தலைதான்.

முன்பெல்லாம் சீப்பில் வந்த முடியைப் பார்த்துத்தான் எனக்கு நாள் விடியும். இப்போது உள்ளங்கையால் தலையைத் தடவுகிறேன். இன்று முளைத்திருப்பது இன்றைக்கு. மறுபடி எப்போது உதிரும் என்று கேட்பதை விட்டுவிட்டேன். கடையில் கலா கையில் பூவோடு வந்து, அவளும் காதுக்குப் பின்னால் தடவிப் பார்த்தாள்.

"அக்கா, சொரசொரன்னு கீதுக்கா!"