உலக்கை விழுந்த இடம்

“பட்டை இடிக்கிறவ பொண்ணுக்கு இங்கிலீஷ் இன்னாத்துக்கு?” என்று தோல் கொட்டகை மேஸ்திரி சிரித்தார். அம்மா நிமிராமல், “நீ பாட்டுக்குப் படி, கண்ணு” என்றாள்.

இன்று வேலூர்க் கடைத்தெருவில் தோல் பதனிடும் ஆவாரம்பட்டை ஏற்றிய வண்டி ஒன்று கடந்தபோது, இப்போது இடிந்து கிடக்கும் அந்த ஆம்பூர்க் கொட்டகை, அதன் சுண்ணாம்பு நெடி, அம்மாவின் இமைகளில் படிந்த செந்தூள் எல்லாம் ஒன்றாக வந்தன. மாலைகளில் நான் உரலருகே உட்கார்ந்து, அழுத்திச் சொல்ல ‘ஐ’ என்பதற்குப் பின் ‘மைசெல்ஃப்’, ‘டோன்ட் நோ’ என்பதற்குப் பின் ‘அட் ஆல்’ என்று பள்ளிப் பாடத்தை உரக்க ஒப்பிப்பேன், அர்த்தம் தெரியாத அம்மா, என் குரல் ஏறும் இடம் பார்த்து, சரியாக அந்தச் சொல்லின் மேல் உலக்கையைப் போடுவாள், “இதுக்குத்தான் பலம் ஜாஸ்தியா?” என்பாள், தூள் அடைத்து இருமுவாள்.

அந்த இருமலிலேயே போன தை மாதம் போய்விட்டாள்.

ஆசிரியைப் பயிற்சிக்கான விண்ணப்பத்தில், உனக்குப் பொறுப்பானவர் யார் என்று ஆங்கிலத்தில் கேட்டிருந்தார்கள். ‘ஐ மைசெல்ஃப்’ என்று எழுதினேன். இரண்டாவது சொல்லில் பேனா அழுந்தி மை ஊறிவிட்டது. அந்தத் தாளை அப்படியே தபாலில் போட்டுவிட்டுத்தான் கடைத்தெருவுக்கு வந்திருந்தேன்.