ஆயில் லீக்கும் எட்வினின் கண்ணும்

1. பேப்பரில் எழுதி வந்த புகார்

ரீபில்ட் செய்து கொடுத்த நான்காம் நாளே வண்டி திரும்பி வந்தது. கூடவே ஓர் இங்கிலீஷ் பேப்பரும் வந்தது. வண்டியின் சொந்தக்காரர் ரங்கராஜன் சார் அதை என் பெஞ்சின் மேல் பிரித்துப் போட்டார். ராத்திரி முழுக்க இன்ஜினுக்கு அடியில் விரித்து வைத்திருந்தாராம். எண்ணெய் சொட்டிய இடத்தையெல்லாம் சிவப்பு மையால் வட்டமிட்டு, பக்கத்தில் 'டைமிங் கவர் கீழே', 'ராக்கர் பாக்ஸ் இடது' என்று எழுதி, கடைசியில் கையெழுத்தும் போட்டிருந்தார். இன்சூரன்ஸ் ஆபீஸில் இருந்து ரிட்டயர் ஆனவர். கையெழுத்து இல்லாத புகாரை அவரே மதிக்க மாட்டார்.

"சேகர், பதினோரு இடம். எண்ணிப் பாருங்கோ. உங்க மேல எனக்கு நம்பிக்கை இருக்கு. போர்டிகோல போட்டிருக்கற வெள்ளை மார்பிளுக்குத்தான் இல்லை" என்றார்.

வண்டி அவருடைய அப்பா பட்டாளத்து ஏலத்தில் எடுத்தது. பழைய இங்கிலாந்து மோட்டார் சைக்கிள், சிங்கிள் சிலிண்டர், என்னைவிட வயதில் மூத்தது. இருபது வருஷம் ஷெட்டில் கிடந்ததை பெசன்ட் நகரிலிருந்து வேன் வைத்துக் காலடிப்பேட்டையில் இருந்த என் மெக்கானிக் கடைக்குக் கொண்டுவந்தார். செல்போன் வந்த புதிது. சாரிடம் ஒன்று இருந்தது. எங்கள் பக்கத்து எஸ்டிடி பூத்துக்கு அதிலிருந்து தினம் ஒரு போன் வரும். நானும் அவரை ஏமாற்றவில்லை. இரண்டு மாதம் உழைத்தேன். இன்ஜினின் அடிப்பெட்டியான கிராங்க் கேஸை முகம் பார்க்கிற மாதிரி பஃபிங் போட்டேன். வந்தவர் போனவரையெல்லாம் கூப்பிட்டு, "தலைய வாரிக்கோ, நல்லா தெரியும்" என்று சொன்னேன். அவ்வளவு பெருமை.

2. டீக்கடை டாக்டர்கள்

ஆயில் லீக் என்று ஒரு வார்த்தை வெளியே தெரிந்தால் போதும், திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் எல்லாரும் இன்ஜின் டாக்டர்தான். ஒருவர் ஜாயின்ட்டில் ஷெல்லாக் அரக்கு தடவச் சொன்னார். இன்னொருவர் ஜாயின்ட்டுக்கு நடுவில் வைக்கிற கேஸ்கட்டைக் கல்யாணப் பத்திரிகை அட்டையில் வெட்டச் சொன்னார். அதிலும் பணக்கார வீட்டுப் பத்திரிகைதான் நல்லதாம், அட்டை கெட்டியாக இருக்கும். வண்டியே ஓட்டத் தெரியாத ஐஸ் கம்பெனி வாட்ச்மேன், "சோப்பு வெச்சி அமுக்கு நைனா, நின்னுடும்" என்றார்.

சிரிக்காதீர்கள். சோப்பு ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் நான் செய்தேன். இன்ஜினை இரண்டாம் முறை பிரித்து, புது கேஸ்கட் வெட்டி, கேஸ்கட் பேஸ்ட்டை ரொட்டிக்கு ஜாம் தடவுகிற மாதிரி தடவி மூட்டினேன். அடுத்த வாரம் சார் அடுத்த பேப்பரோடு வந்தார். இந்த முறை பதினான்கு வட்டம். மை தீர்ந்துபோய் கடைசி மூன்றைப் பச்சையில் போட்டிருந்தார்.

3. ரெண்டு தௌ

தப்பு என்னுடையது இல்லை என்று எனக்கு முன்பே தெரியும். அது யாருடையது என்பது மட்டும்தான் பாக்கி.

கிராங்க் கேஸின் இரண்டு பாதியும் ஒட்டுகிற முகத்தை லேத்தில் கடைந்து சமமாக்கி, அதாவது ஃபேஸிங் போட்டுக் கொடுத்தவன் எட்வின். ராயபுரத்தில் சர்ச்சுக்குப் பின்னால் சின்ன லேத் பட்டறை வைத்திருந்தான். இருபது வருஷமாக என் வேலையெல்லாம் அவனிடம்தான். எங்கள் தொழிலில் கணக்கு 'தௌ'வில்தான் நடக்கும். ஒரு தௌ என்றால் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. எட்வின் விரலால் தடவியே ஒரு தௌ வித்தியாசத்தைச் சொல்லுவான். ஆனால் அந்த வருஷம்தான் அவன் தடியான கண்ணாடி போட்டிருந்தான். குற்றவாளியைத் தேடுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

கேஸை எடுத்துக்கொண்டு போய் அவன் முன்னால் வைத்தேன்.

"இன்னா எட்வினு, கண்ணாடி பவரு பத்தலியா?"

அவன் அதைச் சமதளமான சர்ஃபேஸ் பிளேட்டில் கவிழ்த்து, சுற்றிலும் இடுக்கு அளக்கிற ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்தான். "சரியாத்தான் கீது நைனா."

"சரியா கீதுன்னா ஆயிலு எங்கேந்து வந்துகினு கீது? மேலேந்து மழ பேஞ்சிதா?"

அவன் கேஸை லேத் பக்கமாக நகர்த்தினான். "வெச்சிட்டுப் போ. இன்னொரு வாட்டி புடிச்சித் தரேன்" என்றான். தேவையே இல்லாத வேலையை எனக்காக மறுபடி செய்தான். அதையே நான் அவன் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டேன்.

அந்த வாரம் பெரம்பூரில் சிலிண்டர் கடைகிற ரீபோர் கடை வைத்திருந்த பாபு ஒரு சாமான் வாங்க என் கடைக்கு வந்தான். எட்வினுக்கு வரும் வேலையில் பாதிக்கு மேல் பாபு அனுப்புவதுதான். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

"எட்வினு கண்ணு போச்சு மாமே. ஃபேஸிங் போட்டா ரெண்டு தௌ ஏறி எறங்குது. பாவம், இன்னா பண்றது."

'பாவம்' என்று வேறு சேர்த்தேன். அது சேர்ந்தால் அவதூறு என்று யாரும் நினைக்க மாட்டார்கள், அக்கறை என்று நினைத்துக்கொள்வார்கள். நான் சொன்னது ஒரே ஆளிடம்தான். ஆனால் பாபு பெரம்பூர் கேரேஜில் டீ குடிப்பான், வியாசர்பாடியில் சாப்பிடுவான், எண்ணூரில் அவனுக்கு மச்சான் உண்டு. ஒரே வாரத்தில் வடசென்னை முழுக்க எட்வினுக்குக் கண் தெரியாது.

மூன்றாம் முறை மூட்டிக் கொடுத்த வண்டியும் ஒழுகியது. அதே நேரத்தில் எட்வின் லேத்தை விற்க ஆள் பார்க்கிறான் என்று கேள்விப்பட்டேன். பாபுவிடமிருந்து வேலை நின்றுபோயிருந்தது. பாபுவைப் பார்த்து மற்றவர்களும் நிறுத்திவிட்டார்கள். எட்வினுக்கு ஐம்பது வயது, கல்யாணத்துக்கு இரண்டு பெண்கள், அந்த லேத் ஒன்றுதான் சொத்து. எனக்குச் சங்கடமாக இருந்தது. ஆனாலும், கண் மங்கினவன் லேத்தில் நின்றால் விரல் போய்விடும், விற்பதே நல்லது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். எனக்கு அக்கறைக்கு என்ன குறைச்சல்?

4. சாரின் பாராட்டு

மூன்றாவது பேப்பரில் சார் ஒரு புது வரி சேர்த்திருந்தார். பொறுமையான மனிதர். குறை மட்டுமே எழுதினால் நான் மனசு தளர்ந்துவிடுவேன் என்று நினைத்திருக்கிறார். எல்லா வட்டத்துக்கும் கீழே நீல மையில் எழுதியிருந்தது இதுதான்: 'பின்பக்கம் தொங்கும் ரப்பர் குழாயின் நுனி மட்டும் முற்றிலும் சுத்தமாக உள்ளது. ஒரு சொட்டுகூட இல்லை. பாராட்டுகள்.'

முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம் அந்த வரியை மறுபடி படித்தேன்.

அந்தக் குழாய் பிரீதர் குழாய். பிஸ்டன் கீழே இறங்கும்போது கிராங்க் கேஸுக்குள் இருக்கும் காற்று வெளியே போக வழி வேண்டும். அந்த வழிதான் பிரீதர். காற்றோடு கொஞ்சம் எண்ணெய்ப் புகையும் வரும். ஓடுகிற இன்ஜினில் அதன் நுனி ஈரமாகத்தான் இருக்க வேண்டும். அது அடைத்துக்கொண்டால் உள்ளே காற்று அழுத்தி, கிடைத்த ஜாயின்ட் வழியாகவெல்லாம் எண்ணெயைத் தள்ளும். எட்வின் இல்லை, ஆண்டவனே வந்து ஃபேஸிங் போட்டாலும் ஒழுகும்.

குழாயைப் பிடுங்கினேன். உள்ளே ஒரு கார்க் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பஃபிங் போடும்போது தேய்க்கிற பாலிஷ் மசாலாத் தூள் உள்ளே போகாமல் இருக்க ஓட்டைகளை அடைப்போம். எங்கள் பக்கத்தில் அதற்குக் காசிமேட்டில் கிடைக்கும் பழைய வலை மிதவைக் கார்க்தான். சீவித் தட்டிவிட்டால் கச்சிதமாக உட்காரும். அன்றைக்கு ஏழு ஓட்டை அடைத்தேன். பஃபிங் முடிந்த நேரத்தில் சார் போட்டோ எடுக்கக் கேமராவோடு வந்துவிட்டார். படத்தில் வண்டி முழுசாகத் தெரிய வேண்டும் என்று பிரீதர் குழாயை நானே அவசரமாக மாட்டிவிட்டேன். பிறகு கார்க் எடுத்தபோது கண்ணுக்குத் தெரிந்த ஆறை எடுத்தேன். குழாய்க்குள் ஒளிந்திருந்த ஏழாவது அங்கேயே இருந்தது. அதற்குப் பிறகு இரண்டு முறை இன்ஜினைப் பிரித்தும் அந்தக் குழாயை நான் கழற்றவில்லை. அது ஒழுகவில்லையே, அதை ஏன் கழற்ற வேண்டும்?

கார்க்கை எடுத்துவிட்டு எண்ணூர் வரை ஓட்டிப் போய் வந்தேன். எண்ணெய் வரவில்லை. மறுநாள் சார் கொண்டுவந்த பேப்பரில் எழுத ஒன்றுமில்லை. கையெழுத்து மட்டும் போட்டிருந்தார்.

5. ராயபுரமும் பெரம்பூரும்

கார்க்கோடு ராயபுரம் போனேன். லேத்துக்கு உறை போட்டு மூடியிருந்தது. நடந்ததை ஒன்று விடாமல் சொல்லி, "என் தப்பு எட்வினு" என்றேன். அவன் கார்க்கை வாங்கி விரலில் உருட்டிப் பார்த்துவிட்டு, "நல்லா சீவிகீற" என்று திருப்பிக் கொடுத்தான். திட்டுவான் என்று தயாராகப் போயிருந்தேன். திட்டவில்லை.

அங்கிருந்து நேராகப் பெரம்பூர். கெட்ட பேச்சு தானாகவே ஊர் சுற்றியது. நல்ல பேச்சை மட்டும் நான் டிவிஎஸ் ஃபிஃப்டியில் ஏற்றிக்கொண்டு கடை கடையாக இறக்க வேண்டியிருந்தது. பாபு எல்லாவற்றையும் கேட்டான். என் தோளில் கை போட்டான்.

"நீ நல்ல மன்சன்பா சேகரு. தோஸ்த காப்பாத்தணும்னு பழிய நீ தூக்கிக்கிற. எனக்குப் புரியாதா?"

கார்க்கைக் காட்டினேன். "இந்த மாதிரி கார்க்கு என்னாண்ட நூறு கீது" என்றான். எட்வினைக் குறை சொன்னபோது நான் எந்த ஆதாரமும் காட்டவில்லை. பாபுவும் கேட்கவில்லை.

பாபுவிடமிருந்து எட்வினுக்குக் கடைசி வரை வேலை வரவில்லை. லேத்தை மட்டும் விற்க வேண்டாம் என்று நான் கெஞ்சியதால் விற்காமல் இருந்தான். என் வேலை, எனக்குத் தெரிந்த நாலு கடைகளின் வேலை என்று மெல்லப் பட்டறை ஓடத் தொடங்கியது. சில மாதம் கழித்து ஒரு நாள் பட்டறையில் உட்கார்ந்திருந்தபோது, ஒரு புஷ் வளையத்தைக் கடைந்து முடித்த எட்வின் மைக்ரோமீட்டரில் அளந்தான், துடைத்தான், மறுபடி அளந்தான், மறுபடியும் அளந்தான்.

"இன்னாத்துக்கு மூணு வாட்டி?" என்று கேட்டேன்.

அவன் மைக்ரோமீட்டரைக் கீழே வைக்காமலே சொன்னான். "நீ அன்னிக்கு சொல்லிட்டுப் போனல்ல, மறுநாளே கண்ணாஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரு நல்லாப் பாத்துட்டு, இந்தக் கண்ணாடியோட எல்லாம் கரீட்டா தெரியுதுன்னாரு. நான் அவர நம்பல நைனா. உன்ன நம்பினேன்."

தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஓர் இடத்தில் ஒழுகினால் அந்த ஜாயின்டைப் பிரியுங்கள். எல்லா இடத்திலும் ஒழுகினால் எதையும் பிரிக்காமல் முதலில் பிரீதரைப் பாருங்கள். அடைத்த ஓட்டை எத்தனை, திறந்தது எத்தனை என்று எண்ணி முடிக்கிற வரை யார் பெயரையும் வாயில் எடுக்காதீர்கள்.

கடைசி வரை எட்வின் எல்லாவற்றையும் மூன்று முறைதான் அளந்தான். முதல் முறை வந்த அளவு ஒரு நாளும் மாறியதில்லை. அவன் அளந்து முடிக்கும் வரை நான் வெளியே போய் நின்றுகொள்வேன்.