காஞ்சிபுரம் வண்டியில் பிடித்த இடம்

என் பெரிய மாமா பொய் சொல்கிறார். அன்றைக்கு நானாக ரயிலில் ஏறவில்லை. அவர்தான் ஏற்றிவிட்டார். இருபது வருஷமாக ஒரு விசேஷம் விடாமல், "இவ எட்டு வயசுலயே ரயிலேறி ஓடிப்போனவ" என்று சொல்லிச் சொந்தக்காரர்களைச் சிரிக்கவைக்கிறார். போதும். நடந்ததை எழுதிவிடுகிறேன்.

தாம்பரத்தில் சித்திக்கு வளைகாப்பு. அம்மா, மாமா, நான் மூவரும் திருக்கழுக்குன்றத்திலிருந்து பஸ்ஸில் செங்கல்பட்டு வந்து மின்ரயிலுக்குக் காத்திருந்தோம். சென்னையிலிருந்து வரும் மின்ரயிலுக்கு அப்போதெல்லாம் செங்கல்பட்டுதான் கடைசி. வந்த வண்டியே திரும்பிப் போகும். அதனால் ஆட்கள் இறங்குவதற்குள் எதிர்நீச்சல் போட்டு ஏறி, துண்டோ பையோ போட்டு இடம் பிடித்துவிடுவார்கள். வண்டி எங்கே போகிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. வேறு எங்கே போய்விடப் போகிறது?

அம்மா டிக்கெட் வரிசையில் நின்றாள். வண்டி வந்தது. மாமா என்னை இடுப்பைப் பிடித்துத் தூக்கி, இறங்குகிற கூட்டத்தின் நடுவில் வாசலுக்குள் திணித்தார். தோளில் இருந்த துண்டை என் கையில் கொடுத்தார்.

"மூணு பேருக்கு எடம் புடி. எவன் வந்தாலும் வுடாத. உங்கம்மாவ இட்டாறேன்."

நான் ஒரு முழு பெஞ்சைப் பிடித்தேன். துண்டை விரித்து அதன்மேல் படுத்தும்விட்டேன்.

மாமாவுக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. அப்போதுதான் சில வண்டிகளைக் காஞ்சிபுரம் வரை நீட்டியிருந்தார்கள். ஒலிபெருக்கியில் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கேட்டவர்கள் கேட்டார்கள். மாமா கேட்கவில்லை.

வண்டி கிளம்பியது. எனக்குப் பயமில்லை. மாமா வேறு பெட்டியில் ஏறியிருப்பார், வந்துவிடுவார். எனக்குக் கொடுத்த வேலை இடத்தை விடாமல் இருப்பது. ஒரு பெரியவர் உட்கார வந்தார், காலை நீட்டி மறித்தேன். காலேஜ் பையன் ஒருவனைக் கிள்ளினேன். எதிரே துணி மூட்டையோடு முக்காடு போட்ட ஒரு அம்மா உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா புள்ள, ஒருத்தியே பட்டா போட்டுகினு கீறியே, யாரு வராங்க?"

"எங்கம்மா, எங்க மாமா."

"எங்க போறீங்கோ?"

"தாம்பரம்."

பெட்டியே சிரித்தது. அந்த அம்மா சிரிக்கவில்லை. அப்போதுதான் நான் வெளியே பார்த்தேன். தாம்பரம் வழியில் முதலில் வரும் பரனூர் வரவேயில்லை. வயலாக ஓடியது. பிறகு பாலூர் என்று ஒரு மஞ்சள் பலகை. நான் துண்டைச் சுருட்டி மார்போடு பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தேன்.

அந்த அம்மா வாலாஜாபாத்துக்குத் துணி விற்கப் போகிறவர். மூட்டையை ஒரு கையிலும் என்னை ஒரு கையிலும் இழுத்துக்கொண்டு பாலூரில் இறங்கிவிட்டார். ஸ்டேஷன் மாஸ்டர் செங்கல்பட்டுக்குப் போன் போட்டார். அடுத்த வண்டிக்கு எவ்வளவோ நேரம் இருந்தது. அந்த அம்மாவின் அன்றைய வியாபாரம் போயிற்று. அவரோ பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து என் மடியில் வைத்தார். அவர் பேரைக்கூட நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை.

ஒரு மணி நேரம் போயிருக்கும். யாருடைய டிவிஎஸ் ஐம்பதிலோ மாமா வந்தார். காலில் செருப்பில்லை. என்னைத் தூக்கவில்லை, திட்டவில்லை. முதல் வார்த்தையே இதுதான்:

"துண்டு எங்கடி?"

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமில்லை. காணாமல் போனவள் நான், இவர் துண்டைத் தேடி வந்திருக்கிறார். அவர் மேலேயே எறிந்தேன். மாமா பெஞ்சில் உட்கார்ந்து, துண்டை முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டார். எடுக்கவேயில்லை. நான் போய் இழுத்தேன். அந்த அம்மா என் கையைப் பிடித்துத் தள்ளி நிறுத்தினார்.

"வுடு கண்ணு. கொஞ்ச நேரம் இருக்கட்டும்."

வெயிலில் வந்தவருக்கு வேர்த்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

செங்கல்பட்டில் அம்மா முதுகில் இரண்டு வைத்தாள், பிறகு கட்டிக்கொண்டு விடவேயில்லை. வளைகாப்புக்குச் சாப்பாட்டு நேரத்தில்தான் போய்ச் சேர்ந்தோம். அம்மா அன்று முழுக்க என் சடையைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். நானாக ஏறிவிட்டேன் என்று மாமா அம்மாவிடம் முன்பே சொல்லிவைத்திருந்தார். இல்லை என்று கத்தினேன். எட்டு வயதுப் பிள்ளை பேச்சை யார் கேட்டார்கள்?

இப்போது என் மகளுக்கு எட்டு வயது. போன மாதம் தாம்பரம் பிளாட்பாரத்தில் என் கையை விட்டு அவள் இரண்டு நிமிஷம் காணாமல் போனாள். கடையோரம் நின்றுகொண்டிருந்தவளைக் கண்டதும் என் வாயில் வந்தது, "தண்ணி பாட்டில் எங்கடி?"

அடுத்த மாதம் மாமாவுக்கு அறுபதாம் கல்யாணம். மண்டபத்தில் மைக் இருக்கும், எல்லாரும் இருப்பார்கள், அம்மா முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பாள். மாமா, மைக்கைப் பிடித்துச் சொல்லுங்கள். என்னை அந்த வண்டியில் ஏற்றிவிட்டது யார்? பாலூரில் அவ்வளவு நேரம் அந்தத் துண்டுக்குள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?