"ரெண்டும் ஒன்றுதான், சேர்"

1. ஒத்திகை மண்டபம்

யுத்தத்தின் கடைசி வருடங்களில், கண்டியில் ஒரு கல்யாண பேண்டுக்கு நான் சவுண்ட் பார்த்தேன். எங்கள் லீட் கிட்டாரிஸ்ட் சிவநேசன் யாழ்ப்பாணத்தவர். பகலில் அரசாங்கக் கந்தோரில் வேலை. அவருடைய உயிர் ஒரு பழைய வால்வ் அம்ப், கண்ணாடிக் குழாய்களால் கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் கருவி. அதைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். சூடாகிச் சத்தம் வரக் கொஞ்ச நேரம் எடுக்கும். "பெரிய மனுசர் உடன வாய் திறக்கமாட்டார்" என்பார்.

கீபோர்ட் வாசிக்கும் நசீர் நாநாதான் பேண்டின் தலைவர். கட்டாரில் இருந்த தம்பி அவருக்கு ஒரு மொடலிங் பெட்டி அனுப்பினார். சாப்பாட்டுப் பெட்டி அளவுதான். பேர்பெற்ற அம்புகளின் டோனை டிஜிட்டலாக அப்படியே போலி செய்யும். சிவநேசனின் அம்ப் மொடலும் அதற்குள் இருந்தது. தெரிவு செய்தால் சின்னத் திரையில் அதன் படம் வரும்.

"படத்தில இருக்கிற புட்டைத் தின்னேலுமே?" என்றார் சிவநேசன்.

நசீர் நாநா விடவில்லை. மேடைச் சீலையை இழுத்துவிட்டு, சிவநேசனை முன்னால் கதிரையில் இருத்தினார். எனக்கும் கொஞ்சம் கிட்டார் வரும்; சீலைக்குப் பின்னால் ஒரே துண்டை அம்பிலும் பெட்டியிலும் மாறி மாறி வாசித்தேன்.

"ஓம், உதுதான் என்ர அம்ப். உந்தக் கனதி ஒரு பெட்டிக்கும் வராது" என்றார், கண்ணை மூடிக்கொண்டு.

அது பெட்டி.

சீலையைத் திறந்து காட்டினோம். "ரெண்டும் ஒண்டாத்தானே ஈக்கி மச்சான்" என்று நசீர் நாநா சிரித்தார். சிவநேசன் மண்டபத்துக் கரண்டைக் குறை சொன்னார். வோல்டேஜ் குறைந்தால் வால்வ் வாடிப்போகுமாம். அதில் உண்மையும் உண்டு. ஆனால் அன்றைக்கு யார் கேட்டார்கள்?

2. தெல்தெனிய வழியில்

அடுத்த கிழமை தெல்தெனியவில் ஒரு கல்யாணம். சிவநேசன் பிடிவாதமாக அம்பை வேனில் ஏற்றினார். நசீர் நாநா பெட்டியையும் கொண்டுவந்தார்.

வழியில் செக்பொயின்ட். ஆமிக்காரர் ஒருவர் அம்பின் பின்பக்கத்தைக் குனிந்து பார்த்தார். வயர்கள், கண்ணாடிக் குழாய்கள், செங்கல் அளவில் ஒரு ட்ரான்ஸ்ஃபோமர். பிறகு சிவநேசனின் அடையாள அட்டையை வாங்கினார். பிறந்த இடம் யாழ்ப்பாணம். அதற்குப் பிறகு வேனில் யாரும் பகிடி விடவில்லை.

பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். "பாட்டுச் சாமான் என்றால் பாடட்டும்" என்றார் இன்ஸ்பெக்டர், சிங்களத்தில். ப்ளக்கைச் சொருகினோம். வால்வுகள் சிவந்தன. சத்தம் வரவில்லை. வேன் குலுக்கலில் உள்ளே ஏதோ விட்டுப்போயிருந்தது. ஆமிக்காரர் ஓரடி பின்னால் போனார். விசாரணைக்கென்று உள்ளே போனவர்கள் எல்லோரும் அன்றே வீடு திரும்பிய காலமில்லை அது.

நான் பெட்டியை எங்கள் ஸ்பீக்கரில் கொழுவி, அந்த அம்பைத் தெரிவு செய்தேன். சிவநேசன் வாசித்தார். இன்ஸ்பெக்டர் திரையிலிருந்த படத்தையும் தரையிலிருந்த அம்பையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதுவும் அதுவும் ஒன்றா?"

"ரெண்டும் ஒன்றுதான், சேர்" என்றார் சிவநேசன். "ஒரு வித்தியாசமும் இல்லை."

"அப்படியென்றால் பெரியது எதற்கு? சின்னதைக் கொண்டுபோய் வாசியுங்கள். இது இங்கே இருக்கட்டும்."

சிவநேசன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நசீர் நாநா அவருடைய காலை மிதித்தார். "வாங்கண்ணே, போவோம்" என்று நான் கையைப் பிடித்து இழுத்தேன்.

வேன் நெடுந்தூரம் போனது. பிறகு சிவநேசன் ஜன்னலைப் பார்த்தபடி, "வித்தியாசம் இருக்கு" என்றார்.

"ஈக்கி மச்சான், ஈக்கி" என்றார் நசீர் நாநா.

3. இப்போது

சில கிழமைகளில் அம்பைத் திருப்பித் தந்தார்கள். பழுது சின்னதுதான், திருத்தினோம். ஆனால் சிவநேசன் அதைப் பிறகு வீட்டை விட்டு வெளியே எடுக்கவில்லை.

வால்வா, டிஜிட்டலா என்று இளம் கிட்டாரிஸ்டுகள் என்னிடம் கேட்கிறார்கள். நான் வால்வ் பக்கம்தான். ஆனால் டோனை ஒப்பிட்டுப் பார்ப்பது பயமில்லாதவன் செய்யும் வேலை. உங்களை யாரும் விசாரிக்காத ஒரு நாளில், அவசரமில்லாமல் ஆறுதலாக இருந்து கேளுங்கள். வித்தியாசம் தானாகக் கேட்கும்.